கண்ணினுள் வாழும் காவல் உயிரணுக்கள்

வெயில் மிக்க பகலில் நீல வானத்தையோ வெள்ளையடித்த சுவரையோ சிறிது நேரம் உற்று நோக்கினால், பார்வைக்கு முன்னே மெல்லிய நூலிழைகளும் புள்ளிகளும் மிதந்து செல்வதைக் காண்கிறோம். கண்ணைத் திருப்பினால் அவையும் உடன் திரும்புகின்றன; நேராக நோக்க முயன்றால் நழுவி விடுகின்றன. ‘கண்ணில் பூச்சி பறக்கிறது’ என்று மக்கள் கூறுவது இதனையே. உண்மையில் அவை வெளியுலகில் உள்ள பொருள்கள் அல்ல. கண்ணின் உட்புறத்தை நிரப்பி நிற்கும் தெளிந்த கூழில் உள்ள இழைகளின் நிழல் விழித்திரையின்மீது விழுவதால் தோன்றுபவை.

இக்கூழை மருத்துவ நூல்கள் ‘விட்ரியஸ்’ எனக் குறிக்கும். நாம் அதனைக் கண்ணாடிக் கூழ் என அழைப்போம். கண்கோளம் தன் வடிவம் கெடாதிருக்கவும் ஒளி தடையின்றிச் செல்லவும் உதவும் வெறும் நிரப்புப் பொருள் என்றே இதனை நெடுங்காலம் கருதி வந்தனர். இக்கருத்து முழுதும் சரியன்று. இக்கூழில் உயிரணுக்கள் வாழ்கின்றன. அவை எண்ணிக்கையில் மிகச் சிலவே. ஆயினும் அவற்றின் அடக்கமே நம் பார்வையைக் காக்கிறது. அவ்வடக்கம் குலைந்தால் பார்வையும் கெடுகிறது. இவ்வுயிரணுக்கள் யாவை, எங்கிருந்து வந்தன, எவ்வாறு பணியாற்றுகின்றன என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

கூழின் அமைப்பு

கண்ணின் முன்புறத்தில் கார்னியா என்னும் ஒளிபுகும் படலமும், அதன் பின்னே பாவையும், அதற்குப் பின்னே லென்சும் அமைந்துள்ளன. கண்ணின் பின்சுவரை உட்புறமாகப் போர்த்தியிருப்பது விழித்திரை. லென்சுக்கும் விழித்திரைக்கும் இடைப்பட்ட பெரிய அறையில் நிறைந்திருப்பதே கண்ணாடிக் கூழ். கண்ணின் கன அளவில் ஐந்தில் நான்கு பங்கை இதுவே கொண்டுள்ளது. வளர்ந்த மனிதரின் கண்ணில் இதன் அளவு ஏறத்தாழ 4 கன சென்டிமீட்டர் ஆகும்.

இக்கூழில் நூற்றுக்கு 98 பங்கிற்கு மேல் நீரே உள்ளது. எஞ்சிய சிறு பகுதியில் இரு பொருள்கள் முதன்மையானவை. ஒன்று, கொலாஜன் என்னும் புரதத்தாலான நுண்ணிய இழைகள். மற்றொன்று, அவ்விழைகளின் இடையே நின்று நீரைப் பற்றிக்கொள்ளும் ஹயலுரானிக் அமிலம். இவ்வமிலத்தை 1934-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பாமர் ஆகிய இருவரும் மாட்டுக் கண்ணின் கூழிலிருந்தே முதன்முதலில் பிரித்தெடுத்தனர். கிரேக்க மொழியில் ‘ஹயலோஸ்’ என்பது கண்ணாடியைக் குறிக்கும் சொல். அதனின்றே இப்பெயர் தோன்றியது.

இழைகள் மிக மெல்லியனவாகவும் ஒன்றினின்று ஒன்று விலகியும் நிற்பதால் ஒளி சிதறாது நேரே செல்கிறது. மேலும், வளர்ந்த கண்ணின் கூழினுள் இரத்தக் குழாய்கள் இல்லை. இழைகள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவியும் இருக்கவில்லை. கூழின் நடுப்பகுதியில் அவை குறைவு. விழித்திரையை ஒட்டியுள்ள புறப்பகுதியில் அவை நெருங்கியிருக்கும். இப்புறப்பகுதியைப் புறணி என்பர். நாம் காணப்போகும் உயிரணுக்களின் இருப்பிடம் இப்புறணியே.

உயிரணுக்களின் கண்டுபிடிப்பு

கூழினுள் உயிரணுக்கள் உள்ளன என்பதை 1840-ஆம் ஆண்டிலேயே டென்மார்க் நாட்டு அறிஞர் அடால்ஃப் ஹன்னோவர் கண்டறிந்தார். 1874-இல் ஜெர்மானிய உடலமைப்பியல் அறிஞர் குஸ்தாவ் ஷ்வால்பே, இவை உடலெங்கும் அலைந்து திரிந்து அயற்பொருள்களை விழுங்கும் உயிரணுக்களின் இனத்தைச் சேர்ந்தவை எனக் கருதினார். அதன்பின் பல்லாண்டுகள் இவற்றைப் பற்றிய ஆராய்ச்சி பெரிதும் முன்னேறவில்லை. ஒளிபுகும் கூழில் ஒளிபுகும் சில உயிரணுக்களைத் தேடுவது எளிதன்று. எடுத்து ஆராய முற்பட்டாலும் கூழ் சிதைந்து போகும். ஏறத்தாழ 1960-ஆம் ஆண்டளவில், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய எண்ட்ரே பாலாஸ் என்பார் இவற்றிற்கு ‘ஹயலோசைட்’ என்று பெயரிட்டார். கண்ணாடிக் கூழில் வாழும் உயிரணு என்பது இதன் பொருள்.

ஹயலோசைட் உயிரணுவின் நீளம் 10 முதல் 15 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வுயிரணுக்கள் சில நீள்வட்ட வடிவின; சில இரு முனையும் கூர்ந்த கதிர் போன்றவை; சில நாற்புறமும் கிளைகள் நீட்டிய விண்மீன் வடிவின. இவை விழித்திரையின் உட்பரப்பிலிருந்து 20 முதல் 50 மைக்ரான் தொலைவில், ஒற்றை அடுக்காக, ஒன்றையொன்று நெருங்காமல் பரந்து நிற்கின்றன. லென்சுக்குச் சற்றுப் பின்னே கூழ் கண்சுவரோடு இறுகப் பற்றியுள்ள அடித்தளத்திலும், கண்ணின் பின் துருவத்திலும் இவை மிகுதி. இரண்டிற்கும் இடைப்பட்ட நடுவட்டத்தில் குறைவு.

இவ்வமைப்பை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஊர்க் காவலர் தெருவின் நடுவே கூட்டமாக நின்றால் போக்குவரத்துத் தடைப்படும். எல்லையோரத்தில் இடைவெளி விட்டு நின்றால் காவலும் நடைபெறும், வழியும் திறந்திருக்கும். ஹயலோசைட்டுகள் நிற்கும் முறையும் இத்தகையதே.

பிறப்பிடம்

இவ்வுயிரணுக்கள் கூழிலேயே பிறந்தனவா, பிற இடத்திலிருந்து வந்து குடியேறியனவா என்னும் வினா நெடுநாள் எழுந்து நின்றது. 2005-ஆம் ஆண்டில் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட சோதனை இதற்கு விடை தேடியது. சுண்டெலிகளின் எலும்பு மஜ்ஜையைக் கதிர்வீச்சினால் அழித்து, அதற்கு ஈடாகப் பச்சை நிறத்தில் ஒளிரும் புரதத்தைக் கொண்ட வேறு சுண்டெலிகளின் மஜ்ஜையை அவற்றிற்குச் செலுத்தினர். பின்னர்க் கண்ணின் கூழை ஆராய்ந்தபோது, அங்குப் பச்சையாக ஒளிரும் ஹயலோசைட்டுகள் காணப்பட்டன. ஏழு மாதங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேற்பட்டவை இவ்வாறு புதியனவாக மாறியிருந்தன. எனவே மஜ்ஜையிற் பிறந்த உயிரணுக்கள் இரத்தத்தின் வழியே கண்ணை அடைந்து, அங்கு ஹயலோசைட்டுகளாக நிலைபெற வல்லவை என்பது தெளிவாயிற்று. ஆனால், கதிர்வீச்சுப் பெறாத இயல்பான உடலிலும் இம்மாற்றம் இதே விரைவில் நிகழும் என்று இச்சோதனையினின்று முடிவு செய்தல் ஆகாது.

2020-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகர ஆராய்ச்சியாளர்கள், மனிதக் கண்ணிலிருந்து அறுவையின்போது பெற்ற ஹயலோசைட்டுகளில் எந்தெந்த மரபணுக்கள் செயற்படுகின்றன என்பதைக் கணித்தனர். பெருவிழுங்கணுக்கள் எனப்படும் மேக்ரோஃபேஜ் இனத்தின் பண்புகள் இவற்றில் இருந்தன. அயற்பொருளின் அடையாளத்தைப் பிற தடுப்பு உயிரணுக்களுக்குக் காட்டும் ஆற்றலுக்குரிய மரபணுக்களும் செயற்பட்டன. எனினும் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களினின்று இவை வேறுபட்டிருந்தன. ஒரே குடும்பத்திற் பிறந்தும், குடியேறிய இடத்திற்கேற்பத் தனிப் பண்பு பெற்றவை என இவற்றைக் கொள்ளலாம்.

அடக்கமுள்ள காவல்

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகிறது, வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன, சீழ் கட்டுகிறது, பின்னர்ப் புண் ஆறித் தழும்பு தங்குகிறது. தழும்பு இருந்தாலும் விரல் தன் வேலையைச் செய்கிறது. இதே போராட்டம் கண்ணினுள் நிகழுமாயின் என்னாகும்? திரண்ட உயிரணுக்களால் கூழ் கலங்கும். வீக்கத்தால் விழித்திரை நசுங்கும். தழும்பு ஒளியை மறைக்கும். அழிந்த விழித்திரை நரம்பணுக்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. எனவே கிருமியை வென்று பார்வையை இழப்பது வெற்றியாகாது. கண்ணுக்கு வேண்டுவது ஆரவாரமற்ற காவல்.

இத்தகைய காவல் ஒன்று உண்டு என்பதற்குரிய முதற் குறிப்பு 1873-இல் கிடைத்தது. வான் டோரமால் என்னும் டச்சு மருத்துவர் சுண்டெலியின் தோலை நாயின் கண்ணினுள் முன்னறையில் வைத்தபோது, அது எதிர்பார்த்ததற்கு மாறாக நெடுநாள் அழியாதிருந்தது. 1948-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் மெடவார், கண்ணின் முன்னறையிலும் மூளையிலும் வைத்த அயல் தோல் உடலால் எளிதில் ஒதுக்கப்படுவதில்லை என்பதை ஆராய்ந்து, நோயெதிர்ப்பில் இவை சலுகை பெற்ற இடங்கள் எனக் குறித்தார். உடல் பெற்றுக்கொள்ளும் பொறுமையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக மெடவாரும் ஆஸ்திரேலிய அறிஞர் மக்ஃபர்லேன் பர்னட்டும் 1960-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

இச்சலுகை வெறும் மறைவினால் வருவது என முதலில் எண்ணினர். தடுப்பு உயிரணுக்கள் கண்ணை எட்டாததே காரணம் எனக் கொண்டனர். பிற்கால ஆராய்ச்சி இக்கருத்தைத் திருத்தியது. கண்ணினுள் வைத்த அயற்புரதத்தை உடல் அறியாமல் இல்லை; அறிந்தும், கடுமையான வீக்கத்தை விளைவிக்கும் வகைத் தாக்குதலை மட்டும் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. கண்ணின் முன்னறையில் முன்பே அறியப்பட்ட இவ்விளைவு கண்ணாடிக் கூழிலும் உண்டு என்பதைக் கியூஷு ஆராய்ச்சியாளர்களே 2005-இல் சுண்டெலிகளிடம் காட்டினர். கூழில் செலுத்திய புரதத்தையே பின்னர் உடலின் வேறிடத்தில் மீண்டும் செலுத்தியபோது, வழக்கமான வீக்கம் எழவில்லை. கூழில் நிலையாக வாழும் ஹயலோசைட்டுகள் இப்பொறுமையை உண்டாக்குவதில் பங்கு கொள்கின்றன என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இவ்வடக்கத்திற்கு ஒரு விலையும் உண்டு. அறுவையின் பின்னரோ, கூரிய பொருள் குத்துவதாலோ கிருமிகள் கூழினுள் புகுந்துவிட்டால், அவை விரைந்து பெருகுகின்றன. எல்லையில் நிற்கும் சில காவலர் பெரும் படையைத் தடுத்தல் இயலாது. எனவேதான் இந்நிலையில் மருத்துவர் காலம் தாழ்த்தாது கிருமிக்கொல்லி மருந்தை நேரே கூழினுள் ஊசியால் செலுத்துகின்றனர்.

கருவில் ஆற்றிய தொண்டு

பிறந்தபின் கூழில் இரத்தக் குழாய்கள் இல்லை என்றோம். கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணில் நிலை வேறு. அங்குப் பார்வை நரம்பின் முனையிலிருந்து கூழின் ஊடே லென்சுவரை ஒரு நாடி செல்கிறது. அதன் கிளைகள் வளரும் லென்சுக்கு உணவு தருகின்றன. கண் முதிர்ந்தபின் இந்நாடி தேவையில்லை. இருந்தால் ஒளியை மறைக்கும். ஆகவே பிறப்பதற்கு முன்பே அது சுருங்கி மறைகிறது.

இம்மறைவு தானே நிகழ்வதன்று. 1993-இல் ரிச்சர்டு லாங், மைக்கேல் பிஷப் ஆகியோர், கண்ணிலுள்ள பெருவிழுங்கணுக்கள் இல்லாதொழியுமாறு சுண்டெலிகளை உருவாக்கி ஆராய்ந்தனர். அச்சுண்டெலிகளின் கண்ணில், மறைய வேண்டிய குழாய்கள் மறையாது தங்கின. எனவே, பெருவிழுங்கணுக்கள் மாண்ட பொருளை அகற்றும் துப்புரவாளர் மட்டுமல்ல. தேவையற்ற குழாய் அழிவதற்குரிய தூண்டுதலையும் அவையே தருகின்றன என்பது பெறப்பட்டது. ஹயலோசைட்டுகள் இப்பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. நாம் இன்று தெளிவாகக் காண்பதற்கு, நாம் பிறக்குமுன் இக்குடும்பம் ஆற்றிய தொண்டும் ஒரு காரணமாகும்.

காவலே இடையூறாதல்

வயது ஏறஏறக் கண்ணாடிக் கூழ் இளகுகிறது. அதனுள் நீர்த் தேக்கங்கள் உண்டாகின்றன. இழைகள் ஒன்றுசேர்ந்து தடிக்கின்றன. முதுமையில் பலருக்கும் கூழின் பின்புறம் விழித்திரையினின்று கழன்று முன்னோக்கிச் சரிகிறது. அது முழுமையாகவும் ஒழுங்காகவும் கழன்றால் பெரும்பாலும் தீங்கில்லை. சிலருக்குப் புறணியே இரு அடுக்காகப் பிளந்து, ஓர் அடுக்கு விழித்திரையின்மீது ஒட்டியவாறு தங்கிவிடுகிறது. அவ்வடுக்கில் ஹயலோசைட்டுகளும் உள்ளன.

இந்நிலையில் அவற்றின் இயல்பு மாறுகிறது. கண்ணில் உள்ள ‘டி.ஜி.எஃப். பீட்டா’ என்னும் வளர்ச்சிப் புரதம் சாதாரண நிலையில் தடுப்பாற்றலை அடக்கிவைக்கும் பொருள்களுள் ஒன்று. அதே பொருள் அளவு மிஞ்சும்போது, ஹயலோசைட்டுகளைத் தசையணு போன்று சுருங்கும் தன்மையுடையனவாக மாற்றுகிறது. மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்து வளர்த்த ஹயலோசைட்டுகளைக் கொலாஜன் கூழில் பதித்து இப்புரதத்தைச் சேர்த்தபோது, அக்கூழ் சுருங்கியதை ஆய்வுக்கூடத்தில் கண்டனர். மனிதக் கண்ணில் இதுவே நிகழுமாயின், விழித்திரையின் மேல் ஒரு மெல்லிய சவ்வு உண்டாகிச் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையையும் மடித்து இழுக்கும். நேர்க்கோடுகள் வளைந்து தோன்றுவதும், எழுத்துக்கள் நெளிந்து காண்பதும் இதன் அறிகுறிகள்.

நீரிழிவு நோயில் தீங்கு இன்னும் பெரிது. நோயுற்ற விழித்திரையில் புதிதாக முளைக்கும் குழாய்கள் கூழின் புறணியைப் பந்தலாகப் பற்றிப் படர்கின்றன. அங்குத் தோன்றும் சவ்வு சுருங்கும்போது குழாய்கள் கிழிந்து இரத்தம் கூழில் பரவுகிறது; விழித்திரையும் சுவரினின்று பெயர்கிறது. இத்தகைய சவ்வுகளில் ஹயலோசைட்டுகள் காணப்பட்டுள்ளன.

மருத்துவத்தில் இதன் பயன்

முன்னாளில் கூழினுள் பரவிய இரத்தத்தையும் சவ்வையும் அகற்றப் பாதுகாப்பான வழி இருக்கவில்லை. 1970-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மாக்கமர், கண்சுவரில் சிறு துளையிட்டு, கூழை வெட்டி உறிஞ்சும் கருவியை நுழைத்து, அதே வேளையில் கண்ணின் அழுத்தம் குறையாதவாறு திரவத்தைச் செலுத்தும் முறையைச் செய்து காட்டினார். இம்முறை உலகெங்கும் பரவியது. அகற்றப்பட்ட கூழ் மீண்டும் கூழாக வளர்வதில்லை. அவ்விடத்தைக் கண்ணில் ஊறும் நீர் நிரப்புகிறது. பார்வைக்கு அது தடையாவதில்லை.

ஆனால் கூழின் நடுப்பகுதியை மட்டும் அகற்றினால் போதாது என்பதை ஹயலோசைட் ஆராய்ச்சி உணர்த்துகிறது. கண்ணுக்குப் புலப்படாத புறணி அடுக்கு விழித்திரைமேல் தங்கினால், அதில் உள்ள உயிரணுக்கள் மீண்டும் சவ்வை உண்டாக்கக் கூடும். எனவே அறுவை வல்லுநர், அவ்வடுக்கு வெண்மையாகத் தெரியுமாறு மருந்துத் துகளைத் தூவியோ, சாயமேற்றியோ, மெல்லிய இடுக்கியால் உரித்தெடுக்கின்றனர்.

உயிருள்ள மனிதரின் கண்ணிலேயே இவ்வுயிரணுக்களைக் காணவும் இப்போது வழி ஏற்பட்டுள்ளது. விண்மீன்களை நோக்கும்போது வளிமண்டலத்தால் நேரும் கலக்கத்தை நீக்க வானநூலார் வகுத்த ஒளித்திருத்த முறையைக் கண்ணுக்கும் பயன்படுத்தி, 2022-இல் நியூயார்க் நகர ஆராய்ச்சியாளர் ஹயலோசைட்டுகளைப் படம் பிடித்தனர். சாயம் செலுத்தவில்லை, கத்தி படவில்லை. அவை தம் கிளைகளை நீட்டியும் மடக்கியும் மெல்ல அசைவதைத் தொடர்ந்து நோக்கினர். 180 ஆண்டுகளுக்கும் முன்னர் ஹன்னோவர் எடுத்த கண்ணில் கண்டதை, இன்று பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணிலேயே காண முடிகிறது. காவலணுக்கள் எழுச்சியுறுவதை நோய் முற்றுமுன் அறிந்து மருந்தளிக்க இவ்வழி உதவக்கூடும் என்னும் நம்பிக்கை பிறந்துள்ளது.

நாம் அறிய வேண்டுவன

இவ்வாராய்ச்சி நம் நாட்டிற்கு அயலான செய்தி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையவர்கள். இவர்களுள் பலருக்குக் கண்ணில் கேடு தொடங்கும்போது வலியும் இல்லை, பார்வைக் குறைவும் இல்லை. எனவே பார்வை நன்றாயிருக்கும்போதே, ஆண்டுக்கு ஒரு முறையேனும், பாவையை மருந்தால் விரித்து விழித்திரையைச் சோதித்துக்கொள்வது நீரிழிவு உடையவர் கடமையாகும்.

தொடக்கத்தில் கூறிய மிதக்கும் இழைகளைப் பற்றியும் ஒரு சொல். பல ஆண்டுகளாக மாறாது தோன்றும் ஒன்றிரண்டு புள்ளிகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், ஒரு நாள் திடீரெனப் புள்ளிகள் கூட்டமாகத் தோன்றினாலும், இருளில் மின்னல் போன்ற ஒளி வெட்டினாலும், பார்வையின் ஒரு புறம் திரை விழுந்தாற்போல் மறைந்தாலும், அன்றே கண் மருத்துவரை அணுகுதல் வேண்டும். கூழ் திடீரெனக் கழன்று இவ்வறிகுறிகளுடன் வருவோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு விழித்திரையில் கிழிசல் காணப்படுகிறது. கிழிசல் நிலையிலேயே கண்டால் லேசர் ஒளியாலோ குளிர் முறையாலோ அதனை அடைத்துவிடலாம். காலம் தாழ்த்தினால் விழித்திரை பெயர்ந்து, பெரிய அறுவை வேண்டியதாகும்.

கண்ணாடிக் கூழ் வெறும் நீர் அன்று. அதன் எல்லையில் சில உயிரணுக்கள் அரவமின்றிக் காவல் புரிகின்றன. அவை அடங்கியிருக்கும் வரை அவை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. அவற்றின் அமைதி கலையும்போது கண் சில அறிகுறிகளால் நம்மை எச்சரிக்கிறது. அவ்வெச்சரிக்கையைக் கேட்டு உடனே மருத்துவரை நாடுவது நம் பொறுப்பு.